ஆறாவது இறக்கை

"ஏனுங், மோட்டாரு ஒண்ணுக்கே போக மாட்டேங்குது"
என்றார் அங்கமுத்து போனில்.
நான் கிணற்று மோட்டார் மெக்கானிக்.
ஆயிரம் அடி ஆழத்துக் கோளாறுகளைக்
கயிறு கட்டி மேலே இழுப்பவன்.
படகு மோட்டாரைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.
பம்பு பம்புதானே என்று
சத்தியில் பஸ் ஏறிவிட்டேன்.

பவானிசாகர். மீன் இறங்கும் கரை.
அணை கொள்ளாத தண்ணீர்.
அதற்குள் ஒரு முழம் காலை விட்டுக்கொண்டு
தாகத்தில் வெந்துகொண்டிருந்தது
முப்பது வயது மோட்டார்.
மூடியைக் கழற்றித் தலையில்
ஒரு சொட்டுத் தெளித்தேன்.
சொய்ங்.
கடுகு போட்டிருந்தால் பொரிந்திருக்கும்.

சின்னச் சந்தேகங்கள் முதலில்.
வாய்ச் சல்லடையில் ஆகாயத்தாமரை வேர்,
பிய்த்து எறிந்தேன்.
ஒண்ணுக்குப் போகும் ஓட்டையில்
சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குடைந்தேன்,
குளவி கட்டிய மண் உதிர்ந்தது.
தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி
வஞ்சியம்மாள் டீக்கடைக் கொதிதண்ணியில் தொங்கவிட்டேன்.
"பால் சட்டில போட்றாதீங்" என்றது அந்தம்மா.
மெல்ல வாய் திறந்தது.
அதன்மேல் குற்றமில்லை.

அப்புறம்தான் காலைக் கழற்றினேன்.
மூன்று போல்ட் வந்தன. நாலாவதுக்கு
மண்ணெண்ணெய், சுத்தியல், கெட்ட வார்த்தை,
மறுபடி மண்ணெண்ணெய்.
கியர்க் கம்பியின் இணைப்பைப் பிரித்து இழுத்தால்
மாயாறும் பவானியும் சேர்ந்து அரைத்த வண்டல் மாவு.
அதற்கடியில் ரப்பர் இம்பெல்லர்.
ஆறு இறக்கையில் நாலுதான் மிச்சம்.
ஐந்தாவது கிண்ணத்தின் மூலையில் ஒட்டிக் கிடந்தது.
ஆறாவதைக் காணோம்.

"போனது போகுதுங்,
கொச்சியிலிருந்து புதுசே தருவிச்சிருக்கனே."
சரி என்று சோப்புத் தண்ணி தடவி
தண்டை வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி
புது இறக்கைகளை மடக்கி உட்காரவைத்தேன்.
நீல டிரம்மில் நிறுத்திக் கயிறு இழுத்தோம்.
பதினோராவது இழுப்பில் புகை.
நூல்போல நீர்.
நாலு மூச்சு நேரம்.
நின்றுவிட்டது.

கணக்கில் வராத ஒரு வாஷர்
கிணற்றுக்குள் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.
குத்தவைத்து யோசித்தேன்.
நான் தண்ணீராக இருந்தால் எங்கே ஏறுவேன்,
எந்த வளைவில் மூச்சு முட்டும்?
பஞ்சர்க் கடையிலிருந்து கம்ப்ரஸர் வந்தது.
மேல்முனையில் துணி சுற்றி
தண்ணீர் வரவேண்டிய வழியில்
காற்றை எதிரே அனுப்பினேன்.

முதலில் சேறு.
பிறகு ஒரு நத்தையின் காலிக் கூடு.
பிறகு உள்ளங்கையில் பொத்தென்று
கட்டைவிரல் நகம் அளவில்
சுருண்ட கருப்பு ரப்பர்.
பழசின் அடிக்கட்டையில் வைத்துப் பார்த்தேன்.
கிழிசலும் கிழிசலும் பொருந்தின.

மறுபடி பூட்டும்போது பொழுது இறங்கிவிட்டது.
அக்கரையில் வலை.
பெட்டியில் ஐஸ் பாதிக்குமேல் தண்ணீர்.
"வெசையா, வெசையா" என்று
என் பிடரியிலேயே நின்றார் அங்கமுத்து.
படகில் மாட்டி இழுத்தோம்.
பெய்தது பாருங்கள்,
தென்னை மரத்தடியில் நிற்கும் பையனாட்டம்
வில்லாக, வெட்கமில்லாமல்.
விரல் நீட்டினேன். வெதுவெது.
உள்ளே இருந்த சூட்டை
அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது.
படகு போனதை நான் பார்க்கவில்லை.
அந்த நீர் மட்டும்
கண்ணுக்கு எட்டியவரை தெரிந்தது.

கடைசி பஸ். சன்னலோரம்.
சட்டைப்பையில் ரப்பர் இறக்கையை
உருட்டிக்கொண்டே வந்தேன்,
ஊரை ஜெயித்தவன் கணக்காக.
சத்தி வருமுன் போன்.
"சூடே இல்லீங். ஜோராப் போகுது."
பின்னால் அலை மோதும் சத்தம்.
"முன்னால போகுதுங்.
ரிவர்ஸ்தான் விழுகமாட்டேங்குது."

கியர்க் கம்பி.
இணைப்பைப் பூட்டினேனா, வெறுமனே செருகினேனா?
பைக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம்.